தொலைதூரத் துப்பாக்கி சுடுதலுக்கு ஸ்கோப் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொழுதுபோக்காகத் தூரத்து இலக்குகளைச் சுடத் தொடங்குகிறவர்கள் ஸ்கோப் (குறிபார்க்கத் துப்பாக்கி மேல் மாட்டும் தொலைநோக்கி) பற்றிக் கேட்பது பெரும்பாலும் இதே சந்தேகங்கள்தான், கேட்கும் வரிசைகூட அநேகமாக இதேதான். தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். காகித இலக்கும் இரும்புத் தகடும் சுடுகிறவர்களை மனதில் வைத்துச் சொன்ன பதில்கள் இவை. வேட்டைக்காரர்களின் தேவை வேறு.

லாங் ரேஞ்ச்னா எத்தனை மீட்டர்ல இருந்து? என்கிட்ட இருக்கிற சாதாரண ஸ்கோப் போதாதா?

மீட்டர் கணக்கு துப்பாக்கியைப் பொறுத்தது. .22 ரிம்ஃபயர் ரைஃபிளுக்கு 200 மீட்டரே நெடுந்தூரம், 6.5 கிரீட்மோர், .308 வின்செஸ்டர் மாதிரித் தோட்டாக்களுக்கு 600 மீட்டரைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே வரும். என் அளவுகோல் எளிது: நேராக இலக்கையே குறிவைத்துச் சுட்டால் குண்டு இலக்கில் படவே படாது என்கிற தூரம் வந்துவிட்டால் அது லாங் ரேஞ்ச்.

6.5 கிரீட்மோரை 100 மீட்டருக்கு ஸீரோ செய்துவிட்டு, அதாவது அந்தத் தூரத்தில் குறியும் குண்டும் ஒரே இடத்தில் படும்படி வைத்துவிட்டு, 1000 மீட்டரில் சுட்டால் குண்டு சுமார் பத்து மீட்டர் கீழே போகும். மூன்று மாடி உயரம். அவ்வளவையும் ஸ்கோப்பின் தலையில் இருக்கும் டரெட் என்கிற குமிழைத் திருப்பித்தான் ஈடுகட்டுகிறோம். அதனால் இந்த வேலைக்கு ஸ்கோப் முதலில் அளக்கும் கருவி, அப்புறம்தான் பார்க்கும் கருவி. உங்கள் சாதாரண ஸ்கோப்பில் டரெட்டை மூடி வைத்திருந்தால், அதில் எண்களும் இல்லையென்றால், அது இந்த வேலைக்குச் செய்ததல்ல.

5-25×56னு போட்டிருக்கே, அதுல எது என்ன?

முதல் இரண்டு எண்கள் உருப்பெருக்கம்: ஐந்து மடங்கிலிருந்து இருபத்தைந்து மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம். கடைசி எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அவ்வளவுதான். ஸ்கோப் எவ்வளவு துல்லியமாக நகரும், எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் அந்தப் பெயரை மட்டும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

1000 மீட்டர் அடிக்க எத்தனை எக்ஸ் வேணும்? 30க்கு மேல போகணுமா?

வேண்டாம். 25 வரை போகிற ஸ்கோப் வைத்திருப்பவர்களில் பலர் சுடும்போது 12க்கும் 18க்கும் நடுவில்தான் வைத்திருக்கிறார்கள். காரணம் மூன்று. வெயிலில் தரையிலிருந்து எழும் கானல் அசைவும் படத்தோடு சேர்ந்து பெரிதாகும். 25இல் இலக்கு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளியும், 15இல் அதே இலக்கு ஓரளவு அடங்கி நிற்கும். இரண்டாவது, பெருக்கம் கூடக் கூடத் தெரியும் பரப்பு சுருங்கும். துப்பாக்கி உதைத்துத் திரும்பி வரும்போது உங்கள் குண்டு தகட்டின் எந்தப் பக்கம் புழுதி கிளப்பியது என்று பார்க்க முடியாமல் போகும். அதைப் பார்க்காவிட்டால் அடுத்த குண்டைத் திருத்த வழியே இல்லை. மூன்றாவது, கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை மெலிந்துவிடும், அதைக் கீழே லென்ஸ் கேள்வியில் சொல்கிறேன்.

விதிவிலக்கு எஃப் கிளாஸ் போட்டி. தெரிந்த தூரம், அசையாத காகித இலக்கு, துப்பாக்கி முன்னும் பின்னும் தாங்கிகளில் கிடக்கும். 1000 கெஜத்தில் பத்துப் புள்ளி வளையமே சுமார் பத்து அங்குலம்தான், அங்கே 40 மடங்குக்கு மேலும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் ஆடப்போகும் ஆட்டம் அதுவானால் தாராளமாகப் போங்கள். மற்றபடி மேல் எண்ணைவிடக் கீழ் எண்ணைக் கவனியுங்கள்: 4 அல்லது 5இல் தொடங்கினால் இலக்கைத் தேடிப் பிடிப்பது சுலபம்.

மில் வாங்கட்டுமா, எம்ஓஏ வாங்கட்டுமா? எது துல்லியம்?

இரண்டும் கோணத்தை அளக்கும் அலகுகள், துல்லியத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஒரு மில் என்றால் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 100 மீட்டரில் 10 செ.மீ., 1000 மீட்டரில் 1 மீட்டர். ஒரு எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ., 100 கெஜத்தில் 1.047 அங்குலம். ஒரு மில்லில் சுமார் 3.44 எம்ஓஏ அடங்கும். டரெட் வழக்கமாக மில்லில் 0.1 என்றும் எம்ஓஏவில் கால் என்றும் நகரும், அதாவது ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் 1 செ.மீ. அல்லது 7 மி.மீ. சொச்சம். அந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தைத் தன் சூட்டில் காட்டக்கூடியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மில் மெட்ரிக், எம்ஓஏ அங்குலம் என்று சிலர் குழப்பிக்கொள்வார்கள். கோணத்துக்கு மீட்டரும் கிடையாது, கெஜமும் கிடையாது; 1000 கெஜத்தில் ஒரு மில் ஒரு கெஜம். என் யோசனை: கூடச் சுடும் ஆட்கள் எதில் பேசுகிறார்களோ அதையே வாங்குங்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவர் "அரை மில் இடது" என்று சொல்லும்போது மனதுக்குள் 3.44ஆல் பெருக்கிக்கொண்டிருந்தால் அதற்குள் காற்று மாறிவிடும்.

ரெட்டிக்கிள் மில்லாவும் டரெட் எம்ஓஏவாவும் இருக்கிற ஸ்கோப் மலிவா வருது. எடுக்கலாமா?

கூடாது. ரெட்டிக்கிள் என்பது உள்ளே தெரியும் குறுக்குக்கோடு. அதில் குண்டு 0.6 மில் விலகியதாகப் பார்த்தால் டரெட்டில் ஆறு கிளிக் திருப்பிவிட்டு அடுத்ததைச் சுட வேண்டும், நடுவில் கணக்கே இருக்கக்கூடாது.

எஃப்எஃப்பி, எஸ்எஃப்பின்னு ரெண்டு வகை சொல்றாங்க. லாங் ரேஞ்சுக்கு எஃப்எஃப்பிதான் வேணும்கிறது உண்மையா?

பாதி உண்மை. எஃப்எஃப்பி என்றால் ரெட்டிக்கிள் முன் குவியத் தளத்தில் இருக்கிறது, எஸ்எஃப்பி என்றால் இரண்டாவது குவியத் தளத்தில். எஃப்எஃப்பியில் பெருக்கத்தைக் கூட்டினால் ரெட்டிக்கிளும் இலக்கோடு சேர்ந்து பெரிதாகும், அதனால் கோட்டிலுள்ள ஒரு மில் எந்தப் பெருக்கத்திலும் ஒரு மில்தான். எஸ்எஃப்பியில் கோடு அப்படியே இருக்கும், இலக்கு மட்டும் பெரிதாகும். ஆகவே கோட்டின் அளவுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 20இல் சரியாக இருக்கும் ஸ்கோப்பை 10க்கு இறக்கினால் கோட்டிலுள்ள ஒரு மில் உண்மையில் இரண்டு மில். இதை மறந்துவிட்டு காற்றுக்கு ஒன்றரை மில் ஒதுக்கினால் மூன்று மில் ஒதுக்கியதாக ஆகிவிடும், 600 மீட்டரில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தவறு.

கானலுக்காகப் பெருக்கத்தை அடிக்கடி மாற்றுகிறவர், பல தூரங்களில் தகடு சுடுகிறவர் எஃப்எஃப்பி எடுப்பதுதான் சரி. எஃப் கிளாஸ் மாதிரி ஒரே தூரத்தில் ஒரே பெருக்கத்தில் சுடுகிறவருக்கு எஸ்எஃப்பியின் மெல்லிய கோடு உண்மையிலேயே வசதி, இலக்கின் நடுவை மறைக்காது. எஃப்எஃப்பியில் ஒரு தொல்லையும் உண்டு: குறைந்த பெருக்கத்தில் கோடுகள் சிலந்தி நூல் மாதிரி மெலிந்து கண்ணுக்கே தெரியாது. கடையில் பார்க்கும்போது எல்லாரும் உச்சப் பெருக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். நீங்கள் 10இலும் வைத்துப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் மரம் மாதிரி நிறைய புள்ளி இருக்கிற ரெட்டிக்கிள் நல்லதா?

டரெட்டைத் திருப்ப நேரமில்லாமல் கோட்டைக்கொண்டே உயரமும் காற்றும் ஒதுக்கிச் சுடும் போட்டிகளுக்கு அது நல்லது. நிதானமாகப் படுத்துச் சுடுகிறவருக்கு, 0.2 மில் இடைவெளியில் பிரிவுகள், நடுவில் ஒரு சிறு புள்ளி, பக்கவாட்டில் காற்றுக்கு எண்கள், இவை போதும். மற்றதெல்லாம் உங்கள் குண்டு எழுப்பும் புழுதியை மறைக்கும்.

முன்னாடி லென்ஸ் பெரிசு, குழாயும் 34 மிமீ. அப்போ வெளிச்சம் அதிகமாத்தானே வரும்?

லென்ஸுக்கு ஆம், குழாய்க்கு இல்லை. முன் லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும்: 56ஐ 25ஆல் வகுத்தால் 2.2 மி.மீ., 56ஐ 14ஆல் வகுத்தால் 4 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்மணி 2 முதல் 4 மி.மீ. வரைதான் திறந்திருக்கும் என்பதால் பகலில் 50க்கும் 56க்கும் வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் வேறிடத்தில் தெரியும்: கற்றை தடிமனாக இருந்தால் தலையை ஒரு நூல் அசைத்தாலும் படம் கறுத்துப்போகாது. அதுதான் 25இல் வைத்துச் சுடும்போது கன்னத்தை ஒரே இடத்தில் வைக்கப் படாத பாடு படுவதன் ரகசியம்.

குழாயின் தடிமன் உள்ளே இருக்கும் பாகம் மேலும் கீழும் நகர இடம் தருகிறது. 25.4இலிருந்து 30க்கும் 34க்கும் போவது அதற்காக. வெளிச்சத்தை நிர்ணயிப்பதில் லென்ஸ் மேலுள்ள பூச்சுக்குப் பங்கு அதிகம். பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும், ஸ்கோப்புக்குள் அப்படிப் பரப்புகள் நிறைய.

பாரலாக்ஸ்ங்கிறாங்க, எனக்குப் புரியவே இல்ல. பக்கத்துக் குமிழ்ல போட்டிருக்கிற தூரத்துக்குத் திருப்பினா போதுமா?

துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள். ரெட்டிக்கிள் இலக்கின் மேல் ஊர்ந்தால் அதுதான் பாரலாக்ஸ். இலக்கின் பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் விழவில்லை என்று அர்த்தம். கண் நடுவில் இல்லாவிட்டால் குறியும் நடுவில் இல்லை. 40 மி.மீ. லென்ஸ், பாரலாக்ஸ் 100 மீட்டருக்கு நிலையாக வைக்கப்பட்டது என்றால் 500 மீட்டரில் இதனால் மட்டும் அதிகபட்சம் 8 செ.மீ. வரை தவறலாம், 1000 மீட்டரில் 18 செ.மீ. அதனால் தூரத்துக்குச் சுட, பக்கத்தில் சரிசெய்யும் குமிழ் இருக்கும் ஸ்கோப்பையே எடுங்கள்.

குமிழில் எழுதியிருக்கும் எண் ஏறக்குறைய மட்டுமே, வெப்பநிலையோடு அது கொஞ்சம் நகரும். எண்ணைப் பார்த்து வைத்துவிட்டுத் தலையை ஆட்டிப் பார்த்துக் கோடு நிற்கும் இடத்தில் விடுங்கள். படம் தெளிவாக இருக்கும் இடமும் கோடு நிற்கும் இடமும் ஒன்றாக இல்லாவிட்டால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

படம் தெளிவா இருந்தா கோடு ஊருது, கோடு நின்னா படம் மங்குது. ஸ்கோப் கெட்டதா?

பெரும்பாலும் கண்பக்கத்து வளையத்தை உங்கள் கண்ணுக்கு வைக்கவில்லை என்பதுதான் காரணம். தோட்டா இல்லாத ரைஃபிளை ஆபத்தில்லாத திசையில் வைத்து, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பாருங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. வேறெங்காவது பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே பாருங்கள், கோடு அந்த முதல் நொடியிலேயே கூர்மையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வளையத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சரிக்கட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். இதை ஒருமுறை வைத்தபின் அந்த வளையத்தைத் தொடாதீர்கள், இலக்கைத் தெளிவாக்குவது பக்கத்துக் குமிழின் வேலை. இதற்குப் பிறகும் அதே தொல்லை என்றால் ஸ்கோப்பைச் சந்தேகப்படலாம்.

20 எம்ஓஏ ரெயில் போடச் சொல்றாங்க. அது இல்லாம 1000 மீட்டர் போக முடியாதா?

ரெயில் என்பது துப்பாக்கியின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். ஸ்கோப்பின் மொத்த உயர நகர்வு 24 மில் என்று வைத்துக்கொள்வோம். சமமான ரெயிலில் ஸீரோ செய்தால் நடுவில் நிற்கும். மேலே 12 மிச்சம், கீழே 12 வீண். 6.5 கிரீட்மோருக்கு 1000 மீட்டருக்குச் சுமார் 10 வேண்டும், தப்பித்துவிடலாம். .308இன் 175 கிரெயின் எடைக் குண்டுக்கு 14 பக்கம் வேண்டும், மாட்டிக்கொள்வோம். 20 எம்ஓஏ ரெயில் ஸ்கோப்பை முன்பக்கம் லேசாகக் குனிய வைத்து 5.8 மில்லைக் கீழிருந்து மேலே கொண்டுவருகிறது: இப்போது மேலே 17.8.

அப்படியானால் 40 எம்ஓஏ இன்னும் நல்லதா என்று கேட்பீர்கள். மொத்த நகர்வு 16 மில் மட்டுமே உள்ள ஸ்கோப்பில் கீழே இருப்பது 8தான், 40 எம்ஓஏ ரெயில் 11.6 மில் சாய்க்கும், ஆக 100 மீட்டரில் ஸீரோவே செய்ய முடியாது. வாங்குமுன் விவரத்தாளில் மொத்த உயர நகர்வைத் தேடுங்கள், பெருக்கத்தைவிட முக்கியமான எண் அது.

கிளிக் எல்லாம் நல்லா "டக் டக்"னு விழுது. அது போதாதா?

சத்தம் விரலுக்குத்தான். உள்ளே நகர்ந்ததா என்பதற்குச் சோதனை வேறு. 100 மீட்டரை நாடாவால் அளந்து, ஒரு உயரமான அட்டையில் தூக்குநூல் வைத்து நேர்கோடு போட்டு, கீழே ஒரு புள்ளி வையுங்கள். ஸீரோவில் கொஞ்சம் சுட்டுவிட்டு, டரெட்டை 10 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிவைத்தே சுடுங்கள். இரண்டு குண்டுத்துளைக் கூட்டத்தின் நடுவுக்கும் நடுவுக்கும் 100 செ.மீ. இருக்க வேண்டும், நேர்கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகவும் கூடாது. 98 வந்தால் உங்கள் ஒரு மில் உண்மையில் 0.98 மில், எப்போதும் அதே 98 வருகிறது என்றால் பெரிய குற்றமில்லை, கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஒருமுறை 98, ஒருமுறை 101 என்றால் விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். அப்புறம் திரும்ப ஸீரோவுக்கு இறக்கிச் சுட்டு முதல் கூட்டத்திலேயே விழுகிறதா என்றும் பாருங்கள். கண்ணாடி கொஞ்சம் மங்கலாக இருந்து இந்தச் சோதனையில் தேறிய ஸ்கோப், பளிங்கு மாதிரித் தெரிந்தும் தேறாததைவிட எனக்கு மேல்.

ஸீரோ ஸ்டாப் அவசியமா?

டரெட்டை இறக்கும்போது ஸீரோவில் முட்டி நிற்கும் ஏற்பாடு அது. ஒரு சுற்றுக்கு மேல் ஏற்றுகிறவருக்கு அவசியம், இல்லாவிட்டால் எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்.

துப்பாக்கி விலையைவிட ஸ்கோப்புக்கு அதிகமா போடணும்னு சொல்றாங்களே?

அப்படி ஒரு விதி கிடையாது. ஆனால் ஸ்கோப்பில் எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டு மட்டமான ரிங்கில், அதாவது குழாயைப் பிடிக்கும் வளையத்தில், மாட்டுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். ரெயில், ரிங், திருகு முறுக்கும் அளவுக்கருவி, லேசர் தூரமானி, பழகுவதற்குத் தோட்டா, இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் ஸ்கோப் எடுங்கள். கைக்குள் அடங்கும் விலையில் பெருக்கம், ஒளிரும் ரெட்டிக்கிள், கண்ணாடி, நகர்வு எல்லாமே நல்லதாகக் கிடைக்காது. விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் பெருக்கத்தை, அப்புறம் ஒளிரும் கோட்டை.

என்கிட்ட .22தான் இருக்கு. ஏர் ரைஃபிளும் உண்டு. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

.22க்கு நன்றாகவே பொருந்தும். 50 மீட்டருக்கு ஸீரோ செய்த .22க்கு 200 மீட்டரில் ஏழெட்டு மில் ஏற்ற வேண்டியிருக்கும், பெரிய தோட்டாக்கள் 800, 900 மீட்டரில் கேட்பது அது. கூடுதலாகப் பார்க்க வேண்டியது பாரலாக்ஸ் எவ்வளவு கிட்டத்தில் தொடங்குகிறது என்பது. 100 மீட்டரில் தொடங்கும் ஸ்கோப்பில் 25 மீட்டர் இலக்கு வெறும் புகைதான்.

ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் மட்டும் தனி இனம். உதை குறைவு என்று நினைத்து விலையுயர்ந்த ஸ்கோப்பை அதில் மாட்டாதீர்கள். பிஸ்டன் முன்னால் பாயும்போது ஒருமுறை, போய் நிற்கும்போது எதிர்த்திசையில் ஒருமுறை என்று இரண்டு பக்கமும் உலுக்கும். பின்னோக்கி வரும் உதைக்கு மட்டும் செய்த ஸ்கோப்புகள் இதில் உடைந்துபோகும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் மட்டும் மாட்டுங்கள்.

ஸ்கோப்லயே சுத்தி யார் வர்றாங்கன்னு பார்த்துக்கலாம்ல?

கூடவே கூடாது. ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் துப்பாக்கியின் வாயும் இருக்கிறது. அதற்கு பைனாகுலர் வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு லேசா சாய்ஞ்ச மாதிரி மாட்டிட்டேன். மூணு டிகிரி என்ன பண்ணிடும்?

எது சாய்ந்தது என்பதைப் பொறுத்தது. சுடும்போது ரெட்டிக்கிளே பூமிக்கு நேராக இல்லாமல் மூன்று டிகிரி சாய்ந்திருந்தால், 10 மில் ஏற்றியதில் சுமார் அரை மில் பக்கவாட்டில் போய்விடும். 1000 மீட்டரில் 52 செ.மீ. அதைக் காற்று என்று நினைத்துத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். ஆனால் துப்பாக்கிக்கு ஸ்கோப் சாய்வாக மாட்டியிருந்து, நீங்கள் ரெட்டிக்கிளை நேராகப் பிடித்தே சுட்டால் பாதிப்பு மிகச் சிறியது. ஸ்கோப் பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) 5 செ.மீ. மேலே இருந்தால் 1000 மீட்டரில் இரண்டு சொச்சம் செ.மீ.தான். ஆகவே ஸ்டாக் (தோளில் ஊன்றும் கட்டை) நேராக இருக்கிறதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, தூக்குநூலுக்கு ரெட்டிக்கிளைச் சரிபார்த்துவிட்டு அதற்கேற்ப ஸ்கோப் மேல் ஒரு ரசமட்டக் குமிழியை மாட்டுங்கள். டரெட் ஏறும் பாதையும் கோடும் ஒன்றா என்பதை மேலே சொன்ன 10 மில் சோதனை காட்டிவிடும்.

தூரமானி எதுக்கு? ரெட்டிக்கிள்லயே தூரம் அளக்கலாமே?

அளக்கலாம். இலக்கின் உயரத்தை மீட்டரில் எடுத்து ஆயிரத்தால் பெருக்கி, மில்லில் தெரியும் அளவால் வகுக்க வேண்டும். 50 செ.மீ. தகடு 0.8 மில்லாகத் தெரிந்தால் 625 மீட்டர். அதையே 0.9 என்று படித்துவிட்டால் 556. பத்தில் ஒரு மில் பார்வைப் பிசகில் 70 மீட்டர் போய்விட்டது, அந்தத் தூரத்தில் குண்டு தகட்டின் மேலோ கீழோ போக இது போதும். எஸ்எஃப்பி என்றால் சரியான பெருக்கத்தில் வைத்தீர்களா என்ற கவலை வேறு. தூரமானி வாங்குங்கள், இதைப் பொழுதுபோக்காகப் பழகுங்கள்.

குண்டு விழுற கூட்டம் திடீர்னு நகர்ந்துடுச்சு. ஸ்கோப் போச்சா?

முதலில் திருகுகள். ரிங் மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும், ரிங் தயாரிப்பாளர் தரும் எண்ணே முடிவானது. அதற்கு மேல் முறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளே இருப்பது நகர முடியாமல் சிக்கும். அப்புறம் ரெயில் திருகுகள், ஸ்டாக் திருகுகள், தோட்டாவின் தொகுதி. எல்லாம் சரியென்றால் நன்றாக வேலை செய்வதாகத் தெரிந்த வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுடுங்கள். தொல்லை போனால் ஸ்கோப், போகாவிட்டால் துப்பாக்கி.

600 வரைக்கும் ஆப் சொல்றது சரியா இருக்கு, 900ல அரை மில் கீழ போகுது. ஸ்கோப் கிளிக்தானே தப்பு?

ஆப் என்பது எத்தனை மில் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் செயலி. கிளிக் தவறென்றால் பிசகு ஏற்றும் அளவோடு சேர்ந்தே வளரும்: 2 சதவீதக் குறை என்றால் 4 மில்லில் 0.08, 8 மில்லில் 0.16. அரை மில் வருவதற்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு, என்றாலும் 10 மில் சோதனை செய்யாமல் ஆப்பில் கை வைக்காதீர்கள். அடுத்து ஸ்கோப் நடுவிலிருந்து பேரல் நடு வரை உள்ள உயரத்தை அளந்து சரியாகக் கொடுத்தீர்களா, 100 மீட்டர் ஸீரோ உண்மையில் ஒரு செ.மீ. கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஸீரோவில் ஒரு செ.மீ. என்பது எல்லாத் தூரத்திலும் 0.1 மில். காற்றழுத்தத்தை ஊர்ச் செய்தியில் பார்த்துப் போட்டிருந்தால் அது கடல்மட்டத்துக்குத் திருத்திய எண்ணாக இருக்கும், உயரமான இடத்தில் சுடுகிறவருக்கு அது பெரிய பிசகு, ஆனால் அது குண்டை மேலேதான் விழவைக்கும், கீழே போவதற்கு அது காரணமாகாது.

இவையெல்லாம் சரியான பிறகும் மிச்சம் இருந்தால் குண்டின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி 900இல் விழுந்த இடத்தோடு பொருத்துங்கள். வேகமானியில் அளந்த எண்ணிலிருந்து விநாடிக்குச் சில மீட்டர் மாற்றுவது நியாயம். இருபது முப்பது மாற்ற வேண்டிவந்தால் வேகம் காரணமில்லை, முந்தின பத்தியில் எதையோ விட்டிருக்கிறீர்கள்.